"ஜைனார்மஸ்" என்று எழுதியிருக்கிறார்: இது குறையா, பாராட்டா?

விளாச்சேரிக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் தெரியாமல் இரண்டு நாட்களாக வேலையில் மனம் ஒட்டவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

திருப்பரங்குன்றம் பக்கம் விளாச்சேரியில் நாங்கள் கொலு பொம்மை செய்கிறோம். பாதி அச்சுகள் என் மாமியார் காலத்தவை, மீதி நானே எடுத்தவை. களிமண்ணிலும் செய்வோம், காகிதக்கூழிலும் செய்வோம். கடல் கடந்து போகிறவை காகிதக்கூழ்தான். எடை குறைவு, வழியில் தட்டுப்பட்டாலும் மண்போல விரிசல் விடாது.

எங்களிடம் வருடந்தோறும் பொம்மை வாங்கும் ஒரு மதுரைக் குடும்பம் இப்போது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் இருக்கிறது. போன வருடம் அவர்கள் வீட்டுக் கொலுவைப் பார்த்த பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பெண்மணி, செட் எதுவும் வேண்டாம், ஒரே ஒரு யானை போதும் என்று கேட்டிருக்கிறார். நெற்றிப்பட்டம் கட்டிய யானை, உயரம் 18. எங்கள் விலைப்பட்டியலைப் பார்த்து அவரே தேர்ந்தெடுத்து, பணமும் முன்கூட்டியே அனுப்பிவிட்டார். நான் இருபத்திரண்டு நாள் உழைத்து, தும்பிக்கையை மட்டும் இரண்டு முறை அழித்துச் செய்து, ஆடி மாதம் அனுப்பி வைத்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் வரியே இதுதான்: "தி எலிஃபன்ட் இஸ் ஜைனார்மஸ்!!" ஆச்சரியக்குறி ஒன்றல்ல, இரண்டு. பத்திரமாக வந்து சேர்ந்தது, நிறம் அழகாக இருக்கிறது என்றெல்லாம் அடுத்து எழுதியிருப்பது எனக்குப் புரிகிறது. இந்த ஒரு சொல்தான் புரியவில்லை.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் வீட்டு அகராதியில் தேடினான். என் மாமனார் 1980களில் வாங்கிய தடித்த அகராதி அது. இந்தச் சொல் அதில் இல்லை. "இநார்மஸ்" இருக்கிறது. தெருவில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒருவரிடம் காட்டினோம். இநார்மஸ் என்பதைத்தான் அந்த அம்மா பிழையாக அடித்திருக்கிறார் என்று சொல்லிவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓர் எழுத்து தவறி விழலாம். இங்கே முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வேறு இரண்டு எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. அதுவும் தன் தாய்மொழியில் எழுதுகிறவர்.

என் கவலை என்னவென்றால், எங்கள் தொழிலில் "பொம்மை பெரிதாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது பாராட்டு இல்லை. கொலுப்படியின் இடைவெளி ஓர் அளவு, பொம்மை ஓர் அளவு என்று ஆகிவிட்டது என்பதே அதற்கு அர்த்தம். இரண்டு வருடங்களுக்கு முன்பு, படியில் நிற்கவில்லை, ஒரு விரல்கடை உயரம் கூடுதல் என்று சொல்லி ஒரு கடைக்காரர் நாற்பது கிருஷ்ணரைத் திருப்பி அனுப்பினார். ஆகவே கேட்கிறேன். இந்தச் சொல் குறை சொல்வதா, பாராட்டுவதா? இதை எப்படி உச்சரிப்பது? நான் என்ன பதில் எழுதுவது?

---

கோரிப்பாளையம் தம்பி:

அக்கா, பயப்படாதீர்கள். மிகப் பெரியது என்று பொருள். தமிழில் "பிரம்மாண்டம்" என்று சொல்கிறோமே, அதேதான். நன்றி என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

---

திருமங்கலம் டீச்சர்:

அம்மா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. அது எழுத்துப்பிழை இல்லை, தனிச் சொல்தான். ஜை-நார்-மஸ் என்று மூன்று அசையாகச் சொல்ல வேண்டும். நடு அசையில் குரலை அழுத்துங்கள்.

"ஜைகேன்டிக்" என்றாலும் ஆங்கிலத்தில் மிகப் பெரியது, "இநார்மஸ்" என்றாலும் மிகப் பெரியது. முன்னதன் தலையையும் பின்னதன் உடலையும் ஒட்டவைத்துச் செய்த சொல் இது. புகைக்கு "ஸ்மோக்", மூடுபனிக்கு "ஃபாக்", இரண்டும் கலந்து நகரத்தை மூடுவது "ஸ்மாக்" என்று ஆனதுபோல. ஆனால் ஸ்மாக்கில் இரண்டு வேறு பொருட்கள் கலக்கின்றன. இங்கே ஒரே பொருளுடைய இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சொல் போதவில்லை என்று தோன்றுமளவுக்குப் பெரியது என்று காட்டத்தான்.

இதை முதலில் புழங்கியவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் படைவீரர்கள். 1948இல் வெளிவந்த ஒரு படைத்துறைப் பேச்சுச்சொல் அகராதியில் இது இடம்பெற்றுவிட்டது. அதன்பிறகு பல வருடங்கள் வாய்ப்பேச்சில்தான் உலவியது. அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் தன் அகராதியில் இதைச் சேர்த்தது 2007ஆம் ஆண்டில், ஏறத்தாழ நூறு புதிய சொற்களோடு. ஆகவே உங்கள் மாமனார் வாங்கிய அகராதியைக் குறை சொல்ல வேண்டாம். அதை அச்சிட்ட காலத்தில் இது பல அகராதிகளின் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த சொல்.

இநார்மஸ் என்பதன் வேர் உங்களைப் போன்ற கைத்தொழில் செய்கிறவர்களுக்குப் பிடிக்கும். லத்தீனில் "நோர்மா" என்றால் தச்சர் வைத்திருக்கும் மூலைமட்டம். மரம் நேராக இருக்கிறதா, மூலை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் கருவி. அந்த மட்டத்துக்கு வெளியே போனதுதான் இநார்மஸ். முதலில் முறை தவறியது என்ற பொருளில்தான் அது ஆங்கிலத்தில் வழங்கியது. அளவு மீறியது என்ற பொருள் பிறகு மேலோங்கியது. "இநார்மிட்டி" என்ற சொல் இன்றும் கொடுஞ்செயலைக் குறிக்கும்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். ஜைனார்மஸ் என்பதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பிறந்தநாள் கேக்கும் ஜைனார்மஸ், ஆஸ்பத்திரி பில்லும் ஜைனார்மஸ். கண்ணை அகல விரித்தார் என்பது மட்டுமே அந்தச் சொல்லில் இருக்கிறது. எதற்காக விரித்தார் என்பது பக்கத்து வரியில்தான் இருக்கும். அளவு ஒத்துவரவில்லை என்று ஆங்கிலேயர் சொல்ல நினைத்தால் "டூ பிக்" என்பார், அதாவது தேவைக்கு மேல் பெரியது. இன்னும் மரியாதையாகச் சொல்ல நினைத்தால் "எ பிட் பிக்", கொஞ்சம் பெரிது என்பார். அந்தக் "கொஞ்சம்" தான் நீங்கள் பயப்பட வேண்டிய சொல். அந்த இரண்டில் ஒன்று கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் மீதி வரிகளையும் இங்கே எழுதுங்கள்.

இன்னொன்று. இது வீட்டுப் பேச்சுக்குரிய சொல். சிநேகிதிக்கு எழுதலாம், குழந்தையிடம் சொல்லலாம். விண்ணப்பத்தில், பரீட்சையில், அலுவலகக் கடிதத்தில் எழுதக்கூடாது. முன்னால் "வெரி" சேர்க்கவும் கூடாது, உச்சத்துக்கு மேல் உச்சம் கிடையாதல்லவா? வேண்டுமானால் "அப்சல்யூட்லி" சேர்க்கலாம். முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் நடத்தினேன். நாயக்கர் மகால் தூண்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி இந்தச் சொல்லை எழுதியிருந்தாள். சிவப்பு மையால் சுழித்து "தவறு" என்று எழுதிவிட்டேன். அந்தத் தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்த குழந்தை எழுதிய சொல் அது. சொல் சரி, இடம்தான் வேறு என்று நான் எழுதியிருக்க வேண்டும். அந்த விடைத்தாளை இன்றும் மறக்க முடியவில்லை.

---

விளாச்சேரிக்காரி:

டீச்சர், கோடி நன்றி. நீங்கள் சொன்ன இரண்டு தொடர்களையும் மகனோடு உட்கார்ந்து எழுத்துக்கூட்டித் தேடினேன். இரண்டும் இல்லை. ஆனால் வேறு ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது.

அவர் எழுதியிருப்பதன் சாரம் இது. கணப்புக்கு மேலே இருக்கும் மாடத்தில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்க ஒரு யானையை எதிர்பார்த்திருந்தாராம். "எய்ட்டீன் சென்டிமீட்டர்ஸ்" என்று நினைத்தாராம். பெட்டியைப் பிரித்ததும் அவருடைய கணவர் அறையை விட்டு வெளியே போய், இன்னொரு முறை உள்ளே வந்து பார்த்தாராம். இப்போது யானை வீட்டு நடையில், வாசலைப் பார்த்து நிற்கிறது. தபால்காரர் தினமும் அதற்குக் காலை வணக்கம் சொல்கிறார். கடைசி வரி, "வீ அடோர் ஹிம்". யானையை "அது" என்று எழுதவில்லை, "அவன்" என்று எழுதியிருக்கிறார்.

தவறு என்னுடைய பட்டியலில் இருக்கிறது. உயரம் என்று போட்டு 9, 12, 18, 36 என்று எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். விளாச்சேரியில் பொம்மை வாங்க வருகிற யாரிடமும் அது அங்குலம் என்று சொல்ல வேண்டியதே இல்லை. 18 அங்குலம் கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர். அவர் எதிர்பார்த்ததோ 7 அங்குலம், என் ஒரு சாணுக்கும் குறைவு. ஒரு சாண் யானையை எதிர்பார்த்தவருக்கு ஒன்றரை அடி யானை போனால் வேறு எந்தச் சொல்லைத்தான் எழுதுவார்!

இன்னும் இரண்டு சந்தேகம். "அடோர்" என்று எழுதியவரிடம் நான் மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் மகிழ்ச்சியைக் கெடுத்ததாக ஆகுமா? 36 அங்குல யானைக்குப் பக்கத்தில் இந்தச் சொல்லைப் பட்டியலில் போட்டால் வெளிநாட்டவருக்குச் சட்டென்று விளங்குமா?

---

மேலூர் தமிழாசிரியர்:

அம்மா, நான் தமிழ் நடத்துகிறவன். ஆங்கிலத்தைப் பற்றி டீச்சர் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரே பொருள் தரும் இரண்டு சொற்களை ஒட்டுவது என்று அவர் எழுதியதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நம் இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது, ஒருபொருட்பன்மொழி. "மீமிசை ஞாயிறு", "உயர்ந்தோங்கு பெருமலை" என்று வகுப்பில் நடத்துவோம். "மீ" என்றாலும் மேலே, "மிசை" என்றாலும் மேலே. உயர்தலும் ஓங்குதலும் ஒன்றுதான். ஒரு சொல் போதும் என்று தெரிந்தே இரண்டு வைப்பது. சிறப்புக் கருதி அப்படி வந்தால் குற்றம் இல்லை என்று நன்னூல் அனுமதிக்கிறது. வீட்டில் "நடுமையத்தில் வை" என்கிறோமே, அதுவும் இதே வழிதான். பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் நம் உரையாசிரியருக்கும் ஒரே உணர்ச்சி வந்திருக்கிறது என்பது எனக்குப் பேரின்பமாக இருக்கிறது.

கோரிப்பாளையம் தம்பியிடம் ஒன்று சொல்ல வேண்டும். பொருள் நீங்கள் சொன்னதுதான், தம்பி. ஆனால் "பிரம்மாண்டம்" ஈடு இல்லை. பிரம்மனின் அண்டம், அதாவது இந்தப் பிரபஞ்சம் என்பதிலிருந்து வந்த சொல் அது. சுவரொட்டியிலும் செய்தித்தாளிலும் மாலை போட்டுக்கொண்டு நிற்கும். பெட்டியைப் பிரித்த கணத்தில் வாயிலிருந்து தானாக விழும் சொல் அதுவன்று. நம் மதுரைப் பக்கத்தில் அந்தக் கணத்துக்கு உரிய சொல் "தண்டி". "அந்தத் தண்டி இருந்தது" என்று இரண்டு கையையும் விரித்துச் சொல்வோம். பூசணிக்காய் என்றால் "பானைத் தண்டி", பாறை என்றால் "வீட்டுத் தண்டி". எதையும் சொல்லி முடிக்க வழியில்லாதபோது "ஆனைத் தண்டி". யானையையே என்னவென்று சொல்வது என்பது உங்களுக்கு மட்டும் வந்திருக்கும் சிக்கல், அம்மா.

தொல்காப்பியர் உரியியலில் "தடவும் கயவும் நளியும் பெருமை" என்கிறார். மூன்றும் பெரியது என்று பொருள்படும் சொற்கள். "தடக்கை" என்பதில் அந்தத் "தட" இருக்கிறது, நீண்டு பெருத்த கை. யானையின் தும்பிக்கையையும் புலவர்கள் தடக்கை என்றே பாடினார்கள். நீங்கள் இரண்டு முறை அழித்துச் செய்தீர்களே, அதைத்தான்.

பட்டியலைப் பற்றி என் கருத்தைச் சொல்லலாமா? மீனாட்சி அம்மன் கோயில் முக்குறுணி விநாயகரை நினைத்துப் பாருங்கள். தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர் என்பார்கள். அவ்வளவு பெரிய திருமேனிக்கு ஊர் வைத்த பெயரில் பெரிய, மாபெரும் என்ற அடைமொழியே கிடையாது. விநாயகர் சதுர்த்திக்கு மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைக்கிறார்கள். அந்த அளவுதான் பெயரில் நிற்கிறது. 18 படி என்று கேட்டாலே, ஒரு படி அரிசி களைந்து உலை வைத்தவர்களுக்குக் கை தானாக விரியும். பட்டியலில் நீங்கள் எழுத வேண்டியதும் அளவைத்தான். உங்கள் எண்ணுக்கும் 18 வந்து வாய்த்தது எனக்கு மகிழ்ச்சி.

---

கோரிப்பாளையம் தம்பி:

ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். என் பாட்டிக்குச் சொந்த ஊர் நரசிங்கம், யானைமலை அடிவாரம். அவர் மலையைக் காட்டி "எந்தத் தண்டி படுத்திருக்கிறது பார்" என்றுதான் சொல்வார். பிரம்மாண்டம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அக்காவுக்கு அவசரப்பட்டுப் பதில் எழுதிவிட்டேன்.

---

திருமங்கலம் டீச்சர்:

மேலூர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பட்டியலில் அந்தச் சொல் வேண்டாம், அம்மா. அது பார்த்தவர் சொல்ல வேண்டிய சொல். விற்கிறவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெட்டியைப் பிரிக்கிறவருக்குச் சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. 36 அங்குலம், 91 சென்டிமீட்டர் என்று இரண்டு அளவையும் போடுங்கள். இங்கிலாந்தில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆள் உயரத்தை அடி, அங்குலத்தில் சொல்லும் அதே மனிதர் மேசையைச் சென்டிமீட்டரில் அளப்பார். அதனால்தான் எண்ணை மட்டும் எழுதினால் இப்படி ஆகிறது.

மன்னிப்பு என்ற சொல் தேவை இல்லை. "அவன்" என்று எழுதிவிட்டார், இனி திருப்பி அனுப்பமாட்டார். எண் எந்த அளவு என்று தெளிவாக எழுதாமல் விட்டது நம் பிழை என்று ஒரு வரி சொல்லுங்கள், அது நேர்மை. பிறகு அவருடைய சொல்லையே எடுத்துப் பதில் எழுதுங்கள். சிநேகமாக எழுதியவருக்கு அலுவலக ஆங்கிலத்தில் பதில் போட்டால், கோபித்துக்கொண்டோமோ என்று அவர் நினைப்பார்.

யானைக்கு உரிய சொல் என்று கேட்டால் ஆங்கிலத்தில் "ஜம்போ" இருக்கிறது. லண்டன் விலங்குக்காட்சி சாலைக்கு 1865இல் வந்த ஆப்பிரிக்க யானையின் பெயர் அது. 1882இல் பார்னம் என்ற அமெரிக்க சர்க்கஸ்காரர் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார். 1885இல் கனடாவில் ரயில் மோதி இறந்துபோனது. அந்த யானையின் புகழால்தான் ஜம்போ என்றாலே பெரியது என்று உலகம் முழுக்க ஆனது, ஜம்போ ஜெட் விமானம் வரைக்கும். ஆனாலும் உங்கள் கடிதத்தில் அதை எழுத வேண்டாம் என்பேன். இன்று அது சோப்புக் கட்டியிலும் சிப்ஸ் பாக்கெட்டிலும் ஒட்டியிருக்கும் விற்பனைச் சொல்லாகிவிட்டது. நடையில் நின்று தபால்காரரை வரவேற்கிறவனுக்கு ஜைனார்மஸ் பொருத்தம்.

---

விளாச்சேரிக்காரி:

பதில் எழுதி அனுப்பிவிட்டேன். மகன் ஆங்கிலத்தில் எழுதினான், நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். பட்டியலில் அங்குலம் என்று எழுதாதது எங்கள் பிழை என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டோம். "யெஸ், ஹீ இஸ் அப்சல்யூட்லி ஜைனார்மஸ்" என்று அடுத்த வரி. எங்கள் ஊரில் இதற்கு "இந்தத் தண்டி" என்று சொல்வோம், சொல்லும்போது இரண்டு கையையும் விரிக்க வேண்டும், விரிக்காவிட்டால் பொருள் முழுமை ஆகாது என்றும் எழுதச் சொன்னேன். தண்டி என்பதை எப்படி ஆங்கில எழுத்தில் எழுதுவது என்று அவன் வெகுநேரம் யோசித்தான்.

மறுநாளே பதில் வந்துவிட்டது. லீட்ஸில் தபால்காரர் வந்தபோது அவர் கையை விரித்துத் "தண்டி" என்று சொல்லிக் காட்டினாராம். இன்னொரு வேண்டுகோளும் வைத்திருக்கிறார். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அந்த மாடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, அங்கே வைக்க ஒரு குட்டி வேண்டும், பெரியவன் தனியாக நிற்கிறான் என்று. விலை எவ்வளவு என்று கேட்டு, உயரத்தை அவரே எழுதியிருக்கிறார்: 18 சென்டிமீட்டர். சென்டிமீட்டர் என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

டீச்சர், மகன் அந்தப் பழைய அகராதியில் "ஜி" வரிசைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஜைனார்மஸ் என்று எழுதி, பக்கத்தில் 1948, 2007 என்று குறித்து வைத்துவிட்டான். மாமனார் இருந்திருந்தால் புத்தகத்தில் கிறுக்கினதற்குத் திட்டியிருப்பார், பிறகு என்னவென்று படித்துப் பார்த்திருப்பார்.

புதுப் பட்டியல் எழுதி ஒட்டிவிட்டேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அங்குலம், சென்டிமீட்டர் இரண்டும் இருக்கின்றன. குட்டிக்குக் கூழ் நேற்று இடித்தேன். காய்ந்தால் கொஞ்சம் இறுகும், அதனால் அச்சை அரை விரல்கடை கூடுதலாக எடுத்திருக்கிறேன். அதன் தடக்கையைக் கொஞ்சம் மேலே தூக்கி வைக்கப் போகிறேன், நடையில் நிற்கிற பெரியவனைக் கூப்பிடுவதுபோல.